கைப்பைக்குள் ஜெர்மனி

நதீம் அண்ணாவுக்கு ஜெர்மன் நாட்டு ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி ஜெர்மன் மொழியிலேயே பேசத் தெரியும். ஆனால் அதே மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. கொஞ்ச நாள் முன்பு வரை அவர் நிலைமை அப்படித்தான் இருந்தது. அது எப்படி என்று பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்து கதை நின்றுவிடுகிறது. எழுதினால் முழுசாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டு, என்ன படிப்பது என்று முடிவு செய்ய முடியாமல், மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நான் நடந்துகொண்டிருந்த நேரம் அது. "இப்படியே நடந்துண்டிருந்தா தரைதான் தேயும். ஏதாவது ஒரு பாஷையாவது கத்துக்கோ" என்று அம்மா என்னை அடையாறில் ஒரு ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஜூஸ் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. கீழே மிக்ஸி ஓடும்போது மேலே யார் பேசுவதும் காதில் விழாது. எங்கள் உச்சரிப்புக்கு அது பெரிய பாதுகாப்பு.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நர்ஸ்கள், மீதிப் பேர் இன்ஜினியர்கள். இரண்டிலும் சேராதவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி நான். இன்னொருவர் நதீம் அண்ணா. முப்பது வயது இருக்கும். நல்ல உயரம். பக்கத்தில் உட்கார்ந்தால் புது ரெக்ஸின் வாசனை அடிக்கும், ஏனென்றால் அவர் பைக்கடைக்காரர். தி. நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர்கள் கடை இருக்கிறது. பள்ளிக்கூடப் பை, கைப்பை, சக்கரம் வைத்த பெட்டி எல்லாம் கிடைக்கும். அவருடைய அப்பா அப்துல் சமத் ஆரம்பித்த கடை. ஜிப் போன பையைக் கொண்டுபோனால் நின்ற இடத்திலேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

நதீம் அண்ணாவுக்கு மொழிகளைக் கண்டு பயமே கிடையாது. தெலுங்கில் பேரம் பேசுவார். இந்தியில் "இதுக்கு மேல குறைக்க முடியாது" என்று சத்தியம் செய்வார். மலையாளத்தில் குறைத்துக் கொடுப்பார். "மொழின்னா இன்னா மஹதி? நாலு கஸ்டமர் வந்தா தானா வந்துரும்" என்பார். ஆனால் அந்தச் சந்துக்கு இதுவரை ஒரு ஜெர்மன் கஸ்டமர்கூட வந்ததில்லை.

அவருக்கு ஜெர்மன் எதற்கு என்றால், அவர் மனைவி தூபா அக்கா நர்ஸ். கல்யாணமான சில மாதத்திலேயே ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கணவர் பின்னாலேயே போகவேண்டும் என்றால் ஆரம்ப நிலைத் தேர்வில் தேற வேண்டும். பெயர், ஊர், வயது சொல்லத் தெரிந்தால் போதும் என்ற அளவுக்கான தேர்வுதான். நதீம் அண்ணா ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தார். பேச்சுத் தேர்வில் பெயரைச் சொன்னாராம். ஊரைச் சொன்னாராம். "ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவீர்கள்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதும் பிரியாணிக்கு ஜெர்மனில் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தவர், தேர்வு முடியும் வரை யோசித்துக்கொண்டே இருந்துவிட்டாராம்.

"பிரியாணிக்கு பிரியாணின்னே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன்.

"அது இப்பத்தான் தெரியுது" என்றார்.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பத்திரிகை வந்து சேர்ந்தது.

கைப்பை விற்கிற கடையில் ஒரு வழக்கம் உண்டு. பையைக் காலியாகத் தொங்கவிட்டால் அது துவண்டு, சாப்பிடாத பிள்ளை மாதிரி இருக்கும். யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து வைப்பார்கள். அப்போதுதான் பை வயிறு நிறைந்து, நிமிர்ந்து நிற்கும். இதற்காக நதீம் அண்ணா பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்குவார். அப்படி ஒரு தடவை வந்த கட்டில் நல்ல கெட்டியான, வழவழப்பான புத்தகங்கள் இருந்தன. பைக்கு ரொம்பத் தோதான தாள். பாதிக் கட்டைக் கிழித்து, கசக்கி, கடை முழுக்கத் திணித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாள், ஒரு பையைத் திறந்து காட்டும்போது, உள்ளே இருந்த தாளில் ஒரு எழுத்து அவர் கண்ணில் பட்டது. ஆங்கிலத்து 'B' மாதிரியே இருக்கும், ஆனால் 'B' கிடையாது. எங்கள் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் அதை அவர் பார்த்திருந்தார்.

"நம்ம கடையில ஜெர்மன் இருக்கு!" என்று கத்தினாராம். பை பார்க்க வந்த ஒரு அம்மா, ஏதோ பூச்சி என்று நினைத்துப் பையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

அது ஒரு ஜெர்மன் வாரச் செய்திப் பத்திரிகை. யாரோ வீடு காலி செய்தபோது எடைக்குப் போட்டிருக்கிறார்கள். நதீம் அண்ணா இதை ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டார். அடுத்த வகுப்பிலேயே ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஆசிரியை ரூபீனா மேடம் அதைப் பார்த்துவிட்டு, "நதீம், இது அங்க காலேஜ் முடிச்சவங்க படிக்கற பத்திரிகை. நீங்க இன்னும் 'இது நாற்காலி'ல இருக்கீங்க" என்றார்.

"மேடம், 'இது நாற்காலி'ன்னு நான் ஏன் சொல்லணும்? அவங்களுக்கே தெரியுமே அது நாற்காலின்னு. போன தடவை பாப்பா ஜெர்மன் படிச்சுட்டுப் போய் ஃபெயிலாயிட்டேன். இந்தத் தடவை பெரியவங்க ஜெர்மன்" என்றார்.

மேடம் பதில் சொன்னார். ஆனால் கீழே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

என் கைப்பை ஜிப்பை மாற்றப் போனபோதுதான் அவர் படிக்கும் முறையை நேரில் பார்த்தேன். ஒரு பைக்குள்ளிருந்து கசங்கிய தாளை எடுப்பார். தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, பென்சிலால் மேலே தமிழில் எழுதுவார்.

"போன்ல போட்டோ எடுத்தா அதுவே மொழிபெயர்த்துடுமே அண்ணா?"

"பண்ணும். அப்ப போன்தான் ஜெர்மனி போகும். நான் எப்படிப் போறது?"

கடை வாசலில் குப்பன் அண்ணாவின் லெமன் சோடா வண்டி நிற்கும். குப்பன் அண்ணா தினமும் பேப்பர் படிப்பார், ஆனால் தானாகப் படிக்க மாட்டார். யாராவது சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டே கருத்துச் சொல்வார். நம்மூர் அரசியல் அலுத்துப்போயிருந்த அவருக்கு இந்த ஜெர்மன் அரசியல் புதுசாக இருந்தது.

"இன்னா பாய், இன்னிக்கு ஜெர்மனில இன்னா மேட்டரு?" என்று ஆரம்பிப்பார்.

அப்படித்தான் மேயர் கதை தொடங்கியது. ஒரு சின்ன ஊரில் மேயர் ஒருவர் நகராட்சி நீச்சல் குளம் கட்டியதில் ஏதோ தப்புச் செய்துவிட்டார். ராஜினாமா செய்யச் சொல்லி ஊரே அவர் வீட்டு முன்னால் கூடி நிற்கிறது. நதீம் அண்ணா இரண்டு நாள் இதைப் படித்துச் சொன்னார். மூன்றாம் நாள் தாள் ஒரு முக்கியமான இடத்தில் முடிந்துவிட்டது. மேயர் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்கு அடுத்த தாள் எந்தப் பையில் இருக்கிறதோ!

"வெளில வந்து? இன்னா சொன்னாரு?" குப்பன் அண்ணா பிழிவதை நிறுத்திவிட்டார். சோடாவுக்குக் காத்திருந்த இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

நதீம் அண்ணா பைகளைத் திறந்து தேட ஆரம்பித்தார். நீலப் பை, சிவப்புப் பை, பள்ளிக்கூடப் பை. கடைசியில் ஒரு தாளைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். மெதுவாகச் சொல் சொல்லாகப் படித்தார். "அவர்... ஒரு நாளைக்கு... எண்பது கிலோ... வைக்கோல் தின்கிறார். புதியவர்கள் பக்கத்தில் போனால்... தள்ளிவிடுகிறார்."

சோடாவுக்குக் காத்திருந்தவர்கள் ஒரு அடி கிட்டே வந்தார்கள்.

"மேயரு வைக்கோல் துண்றாரா?" என்றார் குப்பன் அண்ணா.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எண்பது கிலோவா?"

"இரு, அகராதியில இன்னொரு தடவை பாக்கறேன்... ஆமா. வைக்கோல்தான்."

குப்பன் அண்ணா ஒரு முடிவுக்கு வந்தார். "நம்மாளுங்க கம்பி, சிமெண்ட்டு, ரோடு எல்லாம் துண்ணுவாங்க. அந்தாளு வெறும் வைக்கோல்தானே துண்றாரு. நல்ல மன்சன் பாய். அவரைப் போயி ராஜினாமா பண்ணச் சொல்றானுங்களே!"

சோடா குடிக்க வந்தவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "வெளிநாட்ல இப்பல்லாம் டயட்டுன்னு என்னென்னவோ சாப்பிடறாங்க சார்" என்றார்.

எனக்கு ஏதோ இடித்தது. "அண்ணா, இது வேற செய்தியா இருக்கும். பக்க நம்பரைப் பாருங்க" என்றேன். பக்க எண் இருந்த மூலை கிழிந்திருந்தது. அந்தத் தாளுடைய ஜோடி எங்கே என்று பார்த்தால், அது நதீம் அண்ணா அடுத்ததாகத் திணித்த ஒரு பழுப்பு நிறக் கைப்பைக்குள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பையை அவருடைய அப்பா பத்து நிமிடத்துக்கு முன்புதான் ஒரு தம்பதிக்கு விற்றிருந்தார்.

நதீம் அண்ணா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். உஸ்மான் சாலைக் கூட்டத்தில் ஓடுவது என்றால், இரண்டு அடி ஓடி, நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி இரண்டு அடி ஓடுவது. பாத்திரக் கடை வாசலில் அவர்களைப் பிடித்துவிட்டோம். வயதான தம்பதி. மாமியின் தோளில் பழுப்புப் பை.

"அம்மா, ஒரு நிமிஷம், அந்தப் பைக்குள்ள..." என்று நதீம் அண்ணா மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினார்.

"ஏன்னா! பைக்குள்ள கைய விடறான் பாருங்கோ!" என்று மாமி பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பணம் குடுத்தாச்சேப்பா!" என்றார் மாமா.

"பணம் இல்ல சார். உள்ள மேயர் இருக்காரு."

மாமா தன் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மாமா, பைக்குள்ள இருக்கற பழைய பேப்பர் மட்டும் போறும். அவர் அதை வெச்சுத்தான் பரீட்சைக்குப் படிக்கறார்" என்றேன்.

"பேப்பரை எடுத்துட்டா பை தொங்கிப் போயிடாதோ?" என்றார் மாமி. நியாயமான கேள்வி. நதீம் அண்ணா அங்கேயே பாத்திரக் கடையில் ஒரு பழைய தமிழ்ப் பேப்பர் கேட்டு வாங்கி, கசக்கி, திணித்து, பையை முன்பைவிட நிமிர்த்திக் கொடுத்தார். நடைபாதையிலேயே தாளை விரித்துப் பார்த்தோம். பாதிப் பக்கத்துக்கு ஒரு யானை படம். மூடப்போகும் ஒரு மிருகக்காட்சிச் சாலையின் கிழட்டு யானை. வைக்கோல் அதனுடையது.

திரும்பி வந்து குப்பன் அண்ணாவிடம் சொன்னோம். அவருக்கு நம்ப மனமில்லை. "போட்டோ மாத்திட்டானுங்க பாய்" என்றார். இன்றுவரை அந்தச் சந்தில் பாதிப் பேர் மேயர் பக்கம்தான்.

அப்துல் சமத் பாய்க்கு ஜெர்மன் அரசியலில் நாட்டமில்லை. அவருடைய கவலை வேறு. "கடையில ஒரு பை நேரா நிக்கல. எல்லாத்தோட குடலையும் உருவிட்டான். அவன் ஜெர்மனி போறதுக்குள்ள கடை போயிரும் போலருக்கு" என்று என்னிடம் சொன்னார். உண்மைதான். வரிசையாகத் தொங்கிய பைகள் எல்லாம் நோன்பு மாதத்துச் சாயங்காலம் மாதிரி சோர்ந்திருந்தன.

வகுப்பில் விளைவு தெரிய ஆரம்பித்தது. ஒருவன் எதைப் படிக்கிறானோ அதைத்தான் பேசுவான். நாங்கள் பாடப் புத்தகம் படித்ததால் ஐந்து வயதுப் பிள்ளை மாதிரிப் பேசினோம். நதீம் அண்ணா செய்தி வாசித்தார்.

ரூபீனா மேடம் ஜெர்மனில், "நதீம், நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நதீம் அண்ணா எழுந்து நின்றார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதினால் இப்படி வரும்: "நேற்றைய நிகழ்வுகள் குறித்து அதிகாரிகள் கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டனர்."

இன்னொரு நாள், "உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?" என்ற கேள்விக்கு, "நிலைமை கட்டுக்குள் உள்ளது" என்றார்.

மேடம் மாதிரித் தேர்வு நடத்தினார். மேசையில் படம் போட்ட அட்டைகள். எடுக்கும் படத்தில் உள்ள பொருளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். நதீம் அண்ணாவுக்குத் தண்ணீர் டம்ளர் படம் வந்தது. என் பக்கம் திரும்பினார். 'தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்' என்றால் முடிந்தது. அவரோ, "வரும் ஆண்டுகளில் தண்ணீருக்கான தேவை அதிகரிக்கும் என நிபுணர்கள் எச்சரிக்கின்றனர்" என்றார்.

வகுப்பே கைதட்டியது. அவ்வளவு நீளமான வாக்கியத்தை எங்களில் யாரும் சொன்னதில்லை. மேடம் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கு நதீம். ஆனா உங்களுக்குத் தண்ணி கிடைக்காது."

அந்த வாரம் கடையில் நான் இருக்கும்போதே தூபா அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவர் வேலை முடித்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பேசினார். "என்னங்க, நான் ரொட்டிக் கடைக்காரி. கேளுங்க, என்ன வேணும்?" என்று ஜெர்மனில் சோதித்தார்.

நதீம் அண்ணா கம்பீரமாக, "ரொட்டி விலை உயர்வுக்கு எதிர்க்கட்சிகள் கண்டனம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். குப்பன் அண்ணாவும் புரியாமலே சிரித்தார். ஆனால் போனில் சத்தமே இல்லை. பார்த்தால் தூபா அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"இங்க நான் யார்கிட்டயும் தமிழ்ல பேசி ஒரு வாரமாச்சு. நீங்க வருவீங்கன்னுதான் இருக்கேன். இந்தத் தடவையும் போச்சுன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துடுவேங்க. விளையாட்டுக்குச் சொல்லல" என்றார். வைத்துவிட்டார்.

நதீம் அண்ணா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, "அவ நாலு வருஷம் படிச்சு, டியூட்டி பாத்துக்கிட்டே ஜெர்மனும் படிச்சு வாங்கின வேலை மஹதி. எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கேக்கத் தெரியலன்னு அவ அதை விடணுமா?" என்றார்.

எல்லாப் பத்திரிகைகளையும், தேய்த்து வைத்த தாள்களையும் சேர்த்துக் கட்டினார். கொண்டுபோய்க் குப்பன் அண்ணாவின் வண்டிக்கு அடியில் வைத்தார்.

"பரீட்சை முடியற வரைக்கும் யார் வந்து கேட்டாலும் குடுக்காத குப்பா."

"நீயே வந்து கேட்டா?"

"எனக்கும் குடுக்காத."

மறுநாளே வந்து கேட்டார். பாதியில் விட்ட செய்தியில் ஓய்வூதியத் தீர்மானம் நிறைவேறியதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். குப்பன் அண்ணா கட்டின் மேல் ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டார். "உன் சம்சாரம் ஆஸ்பத்திரில ஒண்டியா கீது, உனக்குத் தீர்மானம் கேக்குதா? போய்யா!"

அதோடு விடவில்லை. ஜெர்மனில் கேட்டால்தான் சோடா என்று ஒரு சட்டம் போட்டார். எப்படிக் கேட்பது என்று என்னிடம் கேட்டு, தான் முதலில் மனப்பாடம் செய்துகொண்டார். நதீம் அண்ணா வந்து நின்று, "சோடாவுக்கான கோரிக்கை..." என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் வாணாம், சின்னதா கேளு" என்று கண்ணாடிக் கிளாஸைத் தூக்கிப் பின்னால் மறைத்துக்கொள்வார். வெயிலில் நின்று, தொண்டை வறண்டு, கடைசியில் நதீம் அண்ணா பச்சைப் பிள்ளை மாதிரி, "தயவுசெய்து ஒரு சோடா" என்பார். சோடா கிடைக்கும். தேர்வு நெருங்கும்போது சந்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் ஜெர்மனில் சோடா கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை. கேட்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தேர்வு நாள் வந்தது. நானும் அதே தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தேன். பேச்சுத் தேர்வுக்கு நான்கு பேர் ஒரு குழு. எனக்குப் பக்கத்து நாற்காலியில் நதீம் அண்ணா. எதிரே தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் நம்மூர்க்காரர், இன்னொருவர் ஜெர்மன் பெண்மணி, நரைத்த தலை, சிரித்த முகம். நதீம் அண்ணா பெயர் சொன்னார், ஊர் சொன்னார், வயது சொன்னார். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். எந்த நிபுணரும் குறுக்கே வரவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து அட்டைகள். தலைப்பு 'கடைக்குப் போவது'. ஒரு சொல் அட்டையை எடுத்து, அந்தச் சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் எடுத்துத் திருப்பினேன். 'செய்தித்தாள்' என்று இருந்தது.

என் பக்கத்தில் இருப்பவர் நதீம் அண்ணா.

இதற்கு எல்லோரும் கேட்கும் கேள்வி, 'நீங்கள் செய்தித்தாள் படிப்பீர்களா?' என்பதுதான். அதை நான் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேயர் வருவார், யானை வரும், நாற்பது நிமிடம் ஆகும், தூபா அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார். அதனால் பத்திரமான ஒரு கேள்வியாகத் தேடிப் பிடித்து, "செய்தித்தாள் என்ன விலை?" என்று கேட்டேன். 'இரண்டு யூரோ' என்று சொன்னால் தீர்ந்தது.

நதீம் அண்ணா வியாபாரி. விலை கேட்டால் யோசிக்கவே மாட்டார். "கிலோ பதினெட்டு ரூபாய்" என்றார்.

நம்மூர்த் தேர்வாளர் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. ஜெர்மன் பெண்மணி நிமிர்ந்தார். "கிலோவா? செய்தித்தாள் கிலோ கணக்கிலா?"

"ஆமாம்."

"ஏன்?"

இது அட்டையில் இல்லாத கேள்வி. நாங்கள் படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் கிடையாது. பத்திரிகையிலும் கிடையாது, ஏனென்றால் நதீம் அண்ணாவின் கடையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அவர் கையைத் தூக்கி, காற்றில் ஒரு பையைத் தொங்கவிட்டார்.

"என்னிடம் கடை இருக்கிறது. பைக்கடை. பை காலி. பை..." தோளைத் தொங்கப்போட்டு, முகத்தையும் தொங்கப்போட்டுக் காட்டினார். "பை சோகம். யாரும் வாங்கவில்லை. நான் பேப்பர் வாங்குகிறேன். பேப்பர் பைக்குள்." நிமிர்ந்து உட்கார்ந்து வயிற்றை முன்னால் தள்ளினார். "பை அழகு! பெண்கள் வருகிறார்கள். அழகான பை, நல்ல விலை. தயவுசெய்து வாருங்கள், உஸ்மான் சாலை."

ஜெர்மன் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். அவர் மேசைமேல் அவருடைய கைப்பை துவண்டு கிடந்தது. அதை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு ரொம்ப அன்பாகத்தான் கேட்டார், ஆனால் நான் எதைக் கேட்காமல் தப்பித்தேனோ அதையே கேட்டுவிட்டார்.

"அந்தச் செய்தித்தாளை நீங்கள் படிப்பதும் உண்டா?"

நதீம் அண்ணா வாயைத் திறந்தார். அவர் தொண்டையில் ஓய்வூதியத் திட்டம் ஏறி வருவதை நான் கண்ணாலேயே பார்த்தேன். நிபுணர்கள் வரிசையில் நின்றார்கள். மேயர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நதீம் அண்ணா வாயை மூடினார். எச்சில் விழுங்கினார்.

"இல்லை" என்றார். "என் மனைவி வேண்டாம் என்கிறாள்."

அதற்கப்புறம் வந்த அட்டையில் தண்ணீர் டம்ளர் படமில்லை, ஒரு ஜன்னல் இருந்தது. "தயவுசெய்து ஜன்னலைத் திறங்கள்" என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி சோடா வரும் என்று கொஞ்சம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

முடிவு வந்த அன்று நான் கடையில்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்த தாளை நதீம் அண்ணா என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தேறிவிட்டார். பேச்சில் என்னைவிட மதிப்பெண் அதிகம். நான் ஒரு தப்பும் இல்லாமல் பேசியிருந்தேன். ஆனால் என்னை யாரும் 'ஏன்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தூபா அக்காவைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று போனைக் கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அப்துல் சமத் பாய் துடைத்துக்கொண்டிருந்த பெட்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். குப்பன் அண்ணா வண்டியை விட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"தூபா, பாஸ்" என்றார் நதீம் அண்ணா. அவர் பேசியதிலேயே சின்னச் செய்தி அதுதான்.

போனில் கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம். பிறகு தூபா அக்கா, ஸ்பீக்கரில் இருக்கிறோம் என்று தெரியாமல், தெளிவாகச் சொன்னார்:

"அப்ப நான் இன்னிக்கே போயி பெரிய கட்டிலா ஒண்ணு வாங்கிடறேங்க. இது ஒருத்தர் படுக்கறதுதான்."

அப்துல் சமத் பாய் உடனே திரும்பி, ஏற்கெனவே துடைத்த பெட்டியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். நான் கூரையில் தொங்கும் பள்ளிக்கூடப் பைகளை எண்ணினேன். நதீம் அண்ணா போனின் மேல் பாய்ந்து ஸ்பீக்கரை அணைக்கும் பட்டனைத் தேடினார், கிடைக்கவில்லை.

"நல்லா ஸ்ட்ராங்கா பாத்து வாங்கும்மா" என்றார் குப்பன் அண்ணா.